முள்வேலியும் பொதுநிலமும்

1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் 5,200க்கு மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொன்று அவற்றால் தனியுரிமைக்குட்பட்டது. அடைக்கப்பட்ட நிலங்களுக்குப் பெரும்பாலும் ஹோதோன் என்னும் சுதேச முட்செடியே உயிர்வேலியாயிற்று. விரைந்து வளர்தலும், வெட்டுந்தோறும் அடர்தலும், கால்நடைகளைத் தடுக்கும் முள்ளும் அதன் தெரிவுக்குக் காரணங்களாயின. பொதுநிலத்தில் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைக் குடியானவனுக்கோ அவ்வேலி உரிமையிழப்பின் அடையாளமே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இயந்திர விவசாயம் வேலிகளைப் பெருமளவில் அழித்தது. எஞ்சியவற்றைக் காக்க 1997இல் விதிகள் வகுக்கப்பட்டன. மீள்நடுகைக்கென ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்து கன்றுகள் தருவிக்கப்பட்டன. உள்நாட்டு வித்தின் கன்றுகளோ பிந்தித் தளிர்ப்பனவாகவும் முள் மிகுந்தனவாகவும் ஆய்விற் காணப்பட்டமையால், அவையே விரும்பப்படலாயின. அன்று மக்களை விலக்க நடப்பட்ட வேலி இன்று பொதுச் சொத்தாகப் பேணப்படுகின்றது. அது அடைத்த நிலமோ மக்களிடம் மீளவில்லை.