கொங்குப் புகையிலையும் பாடப்பெறாத கைகளும்

அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய புகையிலை, போர்ச்சுக்கீசியர் வழியே இந்தியக் கடற்கரையை அடைந்தது. அதன் காரத்தை ஒவ்வொரு நாடும் தன் வழக்கத்திற்கேற்பப் பக்குவப்படுத்திக்கொண்டது. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1792இல் தோன்றிய சாமுவேல் காவித் நிறுவனம், இலையைக் கயிறாக முறுக்கிச் சுங்கானில் புகைப்போர்க்கு விற்றது. தமிழகத்திலோ வெற்றிலையோடு மெல்லுதலும் சுருட்டாகப் புகைத்தலுமே பெருவழக்கு. 'சுருட்டு' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று என்பது அறியத்தக்கது.

இன்று பின்னலாடையால் பெயர்பெற்ற திருப்பூர் வட்டாரம், 2009இல் தனி மாவட்டம் அமையும்வரை, பெரும்பாலும் கோவை, ஈரோடு மாவட்டங்களுக்குள் அடங்கியிருந்தது. கொங்கு மண்ணின் மெல்லும் புகையிலை காரத்திற்குப் பெயர்பெற்றது. பிற பயிர்களுக்கு ஒவ்வாத உவர்க்கிணற்று நீரே இதற்கு உகந்தது. நுனி கிள்ள வேண்டும். பக்கக் கிளை ஒடிக்க வேண்டும். அறுத்த இலையை வெயிலில் உலர்த்திப் போராக அடுக்கிப் புழுங்கவிட வேண்டும். இப்பக்குவத்தை உழவர் 'பாடம் செய்தல்' என்பர்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்குநாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. கோவை இலைக்குப் பெருஞ்சந்தை பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்த மலபார். அங்குப் புகையிலை வாணிகத்தைக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. வாங்குவோன் ஒருவனே ஆனபோது விலை சொல்வோனும் அவனே ஆனான். விளைத்தவன் தன் இலையை விரும்பிய சந்தைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. கள்ளக்கடத்தல் பெருகிற்று. 1850களில்தான் இந்நிலை நீங்கியது.

இந்த இலைக்கும் தமிழில் ஒரு தூது நூல் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர், பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுத்துப் பாடிய 'புகையிலை விடு தூது' அது. உ.வே. சாமிநாதையர் அதனை 1939இல் பதிப்பித்தார். மூவரும் ஆளுக்கோர் இலை பெற்றனராம். சிவனது வில்வத்தைக் கங்கையும், திருமாலின் துளசியைப் பாற்கடலும் கொண்டுபோயின. பிரமனின் இலை மட்டும் 'போகையிலை'. அதுவே புகையிலை ஆயிற்றாம். கேட்போர் நகைத்து மகிழும் கற்பனை!

இலையின் பெருமை இவ்வாறு நூலேறிற்று. அதைப் பாடம் செய்த கைகளோ அந்நூலில் இடம்பெறவில்லை. நுனி கிள்ளும் விரல்களில் கரும்பிசின் ஒட்டும். ஈர இலையின் நஞ்சு தோல்வழி ஏறிக் குமட்டலும் தலைச்சுற்றலும் வருவதை இன்றைய மருத்துவம் 'பச்சைப் புகையிலை நோய்' என்று பெயரிட்டு அறிந்துள்ளது. மெல்லுவோர்க்கு அது வாய்ப்புற்றைத் தருவதும் ஐயமற நிறுவப்பட்டுவிட்டது. கூலியாள் தன் உடலால் அறிந்ததைப் புலவர் ஏட்டில் எழுதவில்லை.

இதற்காகச் சீனிச்சர்க்கரைப் புலவரைக் குறைகூறுதல் முறையன்று. தூது இலக்கியத்தின் மரபு அவருக்கு வகுத்த எல்லை அது. அந்த எல்லை இற்றைக் கவிஞர்க்கு இல்லை. புகையிலை விளைந்த கொங்கு மண்ணில் இன்று பனியன் தைக்கும் கைகளும் சாயமேற்றும் கைகளும் உள்ளன. ஆடையின் அழகை மட்டும் பாடிச் செல்வோமாயின், பின்வரும் தலைமுறை நம் ஏடுகளிலும் இதே குறையைக் காணும்.