தரைவிரிப்பில் ஒரு யுத்தம்

எச்.ஜி. வெல்ஸ் என்றதும் கால இயந்திரமும் செவ்வாய்வாசிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே மனிதர் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நண்பர்களோடு தரையில் மண்டியிட்டு பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை போட்டார். அதோடு விடவில்லை. அந்த ஆட்டத்தின் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்று 1913ல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார்!

எல்லாம் ஒரு மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள சாண்ட்கேட்டில் ஒரு வீடு. அறை முழுக்கக் குழந்தையின் விளையாட்டுச் சாமான்கள் இறைந்து கிடக்கின்றன. காபி வருவதற்குள் விருந்தாளி அங்கிருந்த பொம்மைப் பீரங்கியை எடுத்து, குறி பார்த்து, ஒரு சிப்பாயைச் சாய்த்துவிட்டார். சாய்த்ததோடு சும்மா இருக்காமல் பெருமையடித்து சவாலும் விட்டார். வெல்ஸ் அவர் பெயரை ஜே.கே.ஜே. என்று மட்டும் எழுதுகிறார். 'படகில் மூவர்' எழுதிய ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பது பொதுவான கருத்து.

அந்தப் பீரங்கி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. சுருள்வில்லை வைத்து ஓர் அங்குல மரத்துண்டைச் சுடும். பல அடி தள்ளி நிற்கும் சிப்பாயைக்கூட அடிக்கலாம். நண்பர்கள் கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தரையில் அடுக்கி மேடுகளாக்கினார்கள். (அந்தத் தடிப் புத்தகங்களுக்கு இப்படியும் ஓர் உபயோகம்!) பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டு அடி. பீரங்கி சுட வேண்டுமானால் பக்கத்தில் நான்கு ஆட்களாவது நிற்க வேண்டும். யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவும் முடியாது, ஒவ்வொரு நகர்வுக்கும் நேரக்கணக்கு உண்டு.

கைகலப்புக்குத்தான் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொண்டார்கள். முதலில் காசு சுண்டிப் பார்த்தார்கள். பிறகு அதிர்ஷ்டமே வேண்டாம் என்று ஓர் ஆளுக்கு ஓர் ஆள் என்று கழித்துவிட்டார்கள். பற்று வரவு மாதிரி! துணையில்லாமல் மாட்டிக்கொண்ட சிறு படை என்றால் கொஞ்சம் பேர் சாவார்கள், மிச்சம் கைதிகள்.

இதற்கு நேர் எதிரானது பிரஷ்ய ராணுவத்தின் 'கிரீக்ஸ்ஷ்பீல்'. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824ல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் வரைபடம், பகடை, நடுவர் எல்லாம் உண்டு. விளையாட்டு என்பதைவிடப் பயிற்சி என்பதுதான் சரி. அடுத்த போரை ஜெயிப்பதற்காக ஆடியது. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆடப்பட்ட வடிவம் சலிப்பூட்டுவது என்று வெல்ஸ் நினைத்தார். தன்னோடு ஆட வந்த நிஜ ராணுவ அதிகாரிகள் சாதாரண விதிகளிலேயே குழம்பிப் போனார்கள் என்று கிண்டல் வேறு. அட்டைப் போரிலேயே இப்படி என்றால் அசல் போரில் என்ன செய்வார்கள்? சிரிக்க வைத்துவிட்டு அவர் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் இதுதான். இந்தச் சின்னப் போரை மூன்று நான்கு முறை ஆடினாலே பெரிய போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிந்துவிடும், போர் வெறியர்களை ஓர் அறையில் பொம்மைகளோடு அடைத்துவிடலாம் என்கிறார்.

புத்தகம் வந்த மறு வருடம், 1914 ஜூலை இறுதியில், முதல் உலகப்போர் வெடித்தது.

வெல்ஸ் என்ன செய்தார்? போரை எதிர்க்கவில்லை. ஜெர்மனியை முறியடித்தே ஆகவேண்டும், போருக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இது என்று கட்டுரைகள் எழுதினார். அவை அந்த வருடமே புத்தகமாகவும் வந்தன. அவரைக் கபடக்காரர் என்று சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. பெல்ஜியத்துக்குள் படை புகுந்த அந்த வாரங்களில் நிதானமாக இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் தரைவிரிப்பில் தான் கற்ற பாடத்தை அவராலேயே ஒரு வருடம் காப்பாற்ற முடியவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

ஆட்டம் மட்டும் சாகவில்லை. அது புத்தகமாக வந்த அதே 1913ல் பிறந்த நடிகர் பீட்டர் குஷிங் தன் பொம்மைப் படைகளோடு வெல்ஸின் விதிப்படி ஆடுவதை 1956ல் ஒரு செய்திப்படம் காட்டியது. 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு கிரகத்தையே தகர்க்க உத்தரவு போடுகிற தளபதியாக வந்தவரும் இதே குஷிங்தான்.