தென்னாப்பிரிக்காவில் இனவகைப்பாடு

தென்னாப்பிரிக்க மக்கள் ஒவ்வொருவரையும் ஏதேனும் ஓர் இனத்தவர் எனப் பதிந்து, எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரை மணப்பது, வாக்களிக்கலாமா என்பனவற்றை அந்தப் பதிவைக் கொண்டே அரசு தீர்மானித்த முறை இனவகைப்பாடு எனப்படும். 1950 முதல் 1991 வரை இது சட்டமாக நடப்பில் இருந்தது. சட்டம் போய்விட்டாலும் அது வழங்கிய பெயர்கள் மக்களிடையே நிலைத்துவிட்டன.

வேர்கள்

ஆசியா செல்லும் கப்பல்களுக்கு நீரும் உணவும் வழங்க, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையம் அமைத்தது. அங்கே முன்பிருந்தே வாழ்ந்துவந்த கொய் மக்கள் மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்துப் பண்ணையாட்களாயினர். வேலைக்கு ஆள் போதாமல், 1658 முதல் அடிமைகள் பெருமளவில் இறக்கப்பட்டனர். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை எனப் பல திசைகளிலிருந்தும் அவர்கள் வந்தார்கள். பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என மாதப் பெயர்களைச் சூட்டி அழைக்கப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. கேப் டவுன் பகுதியில் அவை இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன.

பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை 1834இல் ஒழிந்தது. மலிவான உழைப்பின் தேவை ஒழியவில்லை. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்திறங்கினர். வைரமும் தங்கமும் கண்டெடுக்கப்பட்டபின் சுரங்கங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே ஒதுக்கியது. நிலமிழந்தவர்கள் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போவதைத் தவிர வழியின்றி நின்றனர். நிலத்தையும் உழைப்பையும் பறித்ததற்கு நியாயம் கற்பிக்கவே நிறம் தரவரிசையாக்கப்பட்டது.

சட்டமும் சோதனையும்

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையர், கறுப்பர், ‘கலர்ட்’ எனப்பட்ட கலப்பினத்தவர் என்பவை அதன் பிரிவுகள். கலப்பினத்தவருள் ஓர் உட்பிரிவாக வைக்கப்பட்ட இந்தியர்கள் பின்னர் தனிப் பிரிவாயினர்.

இதில் அறிவியல் ஏதுமில்லை. பார்வைக்கு வெள்ளையராகத் தோன்றுகிறாரா, ஊரார் அவரை அப்படி ஏற்கிறார்களா என்பவையே சட்டத்தின் அளவுகோல்கள். ஐயம் எழுந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் அல்லர். உடன்பிறந்தவர்களே வெவ்வேறு இனத்தவராகப் பதியப்பட்டுக் குடும்பங்கள் சிதறின.

அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் இனத்துக்கொரு வசிப்பிடம் வகுத்தது. பலவகை மக்கள் கலந்து வாழ்ந்த கேப் டவுனின் ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 60,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

இன்றைய அடையாளம்

அரசு பிரித்து வைத்தவர்களை ஒரே பெயரில் சேர்க்க முயன்றவர் ஸ்டீவ் பைகோ. அவருடைய கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என ஒடுக்கப்பட்ட அனைவரையும் ‘கறுப்பர்’ என்றே அழைத்தது. 1977இல் காவலில் தாக்கப்பட்டு அவர் உயிரிழந்தார்.

பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. ஆயினும், இழைத்த அநீதியை ஈடுசெய்ய வந்த 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் அதே பிரிவுகளைக் கையாள வேண்டியிருக்கிறது. உரிமை பறிக்கப்பட்டவர் யார் என்பதை வேறு வழியில் அடையாளம் காண்பது கடினம். ‘கலர்ட்’ என்ற சொல்லைத் திணிக்கப்பட்ட முத்திரையென மறுத்துக் கொய், சான் எனும் பழங்குடி முன்னோரின் பெயரை மீட்டெடுப்போர் உண்டு. தம் மொழியும் உணவும் இசையும் அதற்குள்தான் வளர்ந்தன என்று அதையே பெருமையுடன் ஏற்போரும் உண்டு. இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் இனம் எதுவென்று சொல்பவர் அந்த மனிதரே. முன்பு அதை அவருக்குச் சொன்னவர் ஓர் அதிகாரி.