ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை... வல்வில் ஓரியின் அம்பு வீடியோ கேமில் செல்லுபடியாகுமா?

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலை ஏறினால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஆடி மாதம் வந்தால் அவர் பெயரில் அரசு விழாவும் நடக்கும். ஆனால் ஓரி என்றதும் கொடையைவிட முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒற்றை அம்புதான்.

புறநானூற்றின் 152-வது பாடலில் வன்பரணர் அதைச் சொல்கிறார். காட்டில் ஒரு வேட்டுவன் விட்ட அம்பு யானையை வீழ்த்துகிறது. பிறகு புலி, மான், காட்டுப்பன்றி என ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் உடம்பில் போய்த் தங்குகிறது. ஆக மொத்தம் ஐந்து உயிர்.

'செம்ம ஷாட்' என்று கேமர்கள் சொல்வார்கள். ஆனால் இதையே ஒரு வீடியோ கேமில் வைத்தால், முதல் நாளே "ஓவர் பவர், குறைங்க" என்று புகார் வரும்.

கேம் எப்படிக் கணக்கு போடுகிறது?

1999-ல் வந்து இன்றுவரை விளையாடப்படும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமை எடுத்துக்கொள்வோம். அதில் சாதாரண வில்லாளியின் தாக்குதல் 4 புள்ளி. குதிரை வீரனுக்கு அம்பைத் தடுக்கும் கவசம் 2 புள்ளி, உயிர் 100 புள்ளி. நாலில் ரெண்டு போனால் ரெண்டு. அதாவது 50 அம்பு பட்டால்தான் அவன் சாவான். கவசத்தை இன்னும் இரண்டு படி மேம்படுத்தினால் கணக்குப்படி சேதம் பூஜ்யம் ஆகிவிடும். ஆனால் எந்த அடிக்கும் குறைந்தது 1 புள்ளி சேதம் உண்டு என்பது கேமின் விதி. அப்போது 100 அம்பு தேவை.

ஓரியைப் போல பல பேரைத் துளைத்துக்கொண்டு போகும் அம்பு இந்த கேமிலும் இருக்கிறது. ஆனால் அது மனிதன் விடும் அம்பு இல்லை. 'ஸ்கார்பியன்' என்ற முற்றுகை இயந்திரம் விடுவது. ஒரு மனிதன் கைக்கு அவ்வளவு சக்தியை கேம் நம்பித் தரவில்லை.

நிஜத்தில் என்ன நடக்கும்?

இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1415-ம் ஆண்டு அஜின்கோர்ட் போர்க்காலத்துக் கவசத்தை அப்படியே செய்துவைத்து, ஆயுதத் தயாரிப்பாளர் டாட் டாடெஸ்சினியின் குழு 2019-ல் ஒரு சோதனை நடத்தியது. வில்லை எய்தவர் ஜோ கிப்ஸ். அந்த வில்லை முழுசாக இழுக்க 160 பவுண்டு விசை வேண்டும். கிட்டத்தட்ட 72 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். சுமார் 80 கிராம் அம்பு, விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல் வேகம்.

முடிவு? மார்புத் தகடு துளைபடவில்லை. அம்புகள் மோதி நொறுங்கின, வழுக்கித் தெறித்தன. ஆனால் தகடு இல்லாமல் வளையக் கவசம் மட்டும் இருந்த இடத்தில் அம்பு உள்ளே இறங்கியது.

கேமுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான். நிஜத்தில் 'கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறைவது' கிடையாது. நூறு அம்பு தகட்டில் பட்டாலும் ஆள் நடந்துகொண்டே இருப்பான். கழுத்து இடுக்கில் ஒன்று புகுந்தால் கதை முடிந்தது. 'எங்கே பட்டது' என்ற கேள்வியை கேம் 'எத்தனை பட்டது' என்று மாற்றிவிடுகிறது. நூறு பேரை ஒரே நேரத்தில் மேய்க்கும் ஆட்டத்தில் வேறு வழியும் இல்லை. இதற்கு நேர்மாறாக, 2018-ல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கேமில் வில்லைத் தூக்கினால் குறிபார்க்கும் புள்ளிகூடத் திரையில் வராது. முதல் சில மணி நேரம் பக்கத்து மரத்தைத்தான் அடிப்பீர்கள்.

இன்னொரு ஏமாற்று வேலை, பயிற்சி. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-ல் 25 மரம், 45 தங்கம் கொடுத்தால் 35 விநாடியில் வில்லாளி ரெடி. நிஜத்தில் அந்த மாதிரி வில்லை இழுக்கச் சிறுவயதிலிருந்தே பழக வேண்டும். நிஜ வில்லாளியின் உண்மையான விலை அதுதான். கேம் அதை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

அப்போ ஓரி?

அவருடைய அம்பின் எதிரே கவசமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மான், பன்றி போன்ற விலங்கை நல்ல அம்பு ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வருவது வேட்டையில் நடப்பதுதான். சிக்கல் யானையில் இருக்கிறது. சில இடங்களில் தோலே இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், அதற்குப் பின்னால் சதையும் எலும்பும். கென்யாவின் வாட்டா மக்கள் 100 பவுண்டைத் தாண்டும் வில்லால் யானையை வேட்டையாடியவர்கள். அவர்களும் அம்பு நுனியில் விஷம் தடவித்தான் எய்தார்கள். அம்பு மறுபக்கம் வரும் என்று காத்திருக்கவில்லை. அப்படிப் பார்த்தால் வன்பரணரின் ஐந்தில் முதல் உயிரிலேயே அம்பு நின்றிருக்கும். பரிசில் தரும் வள்ளலைப் பாடும் புலவர் இயற்பியல் தேர்வு எழுதவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே புறநானூற்றில் கவசத்தின் மீது அம்பு பட்ட செய்தியும் வருகிறது. 13-வது பாடலில் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யானைமேல் வருகிறான். அவன் அணிந்த புலித்தோல் கவசத்தை அம்புகள் கிழித்திருக்கின்றன என்கிறார் முடமோசியார். ஆனால் அவன் சாகவில்லை, உயிரோடுதான் வருகிறான். கவசம் கிழிந்தது, ஆள் தப்பினான் என்பதுதான் இங்கே வரவு செலவு.

ஓரியின் முடிவோ வேறு மாதிரி. மலையமான் திருமுடிக்காரி அவரைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அந்தப் போரில் வல்வில் என்ன செய்தது என்பதற்கு ஐந்து உயிர்க் கதை மாதிரி ஒரு கதையும் இல்லை.