ஆயிரம் மணி நேரம் - ஒரு பல்பின் சரித்திரம்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, 'விஞ்ஞானத்தின் விந்தைகள்' என்பது போல ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். பௌதிகம் படித்தவன் ஆயிற்றே! ஆனால் அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் எல்.இ.டி. பல்பு உயிரை விட்டிருந்தது. வாங்கிப் பதினான்கே மாதம். அட்டைப் பெட்டியில் '25,000 மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வர வேண்டும். எங்கள் வீட்டில் எரிந்ததோ இரண்டாயிரத்துச் சொச்சம் மணி. பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"சார், அது பல்போட ஆயுசு. கேரன்டி ஒரு வருஷம்தான்" என்றார் கடைக்காரர்.

"ஆயுசு பதிமூணு வருஷம், கேரன்டி ஒரு வருஷமா? என்னப்பா கணக்கு இது?"

"கம்பெனிக்காரன் போட்டிருக்கான் சார், நான் என்ன பண்ணட்டும்? வேற தரட்டுமா?"

வேறு ஒன்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இருட்டில் உட்கார முடியுமா? ஆனால் பல்பின் ஆயுளை யார், எங்கே, எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரமே இருக்கிறது.

எடிசன் 1879 அக்டோபரில் எரித்துக் காட்டிய விளக்கு சுமார் பதின்மூன்றரை மணி நேரம் தாக்குப் பிடித்தது. அடுத்த ஆண்டே மூங்கில் நாரைக் கரியாக்கிச் செய்த இழை 1,200 மணியைத் தொட்டது. வெறும் மூங்கில்! பிறகு டங்ஸ்டன் இழை வந்தது. 1913 வாக்கில் கண்ணாடிக் குண்டுக்குள் வாயு நிரப்பும் முறை வந்தது. 1920களின் தொடக்கத்தில் 1,500, 2,000 மணி நேரம் எரியும் பல்புகள் சந்தையில் சாதாரணம். தொழில்நுட்பம் வளர வளர ஆயுளும் வளரும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு.

1924 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் கூடினார்கள். ஜெர்மனியின் ஆஸ்ரம், ஹாலந்தின் பிலிப்ஸ், ஹங்கேரியின் டங்ஸ்ராம், பிரான்சின் கொம்பனி தே லாம்ப், இங்கிலாந்து, ஜப்பான் நிறுவனங்கள், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வெளிநாட்டுக் கிளைகள் என்று எல்லோரும் சேர்ந்து 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தார்கள். கிரேக்கர்களின் ஒளிக் கடவுளின் பெயர் அது. எந்த நாட்டுச் சந்தை யாருக்கு, யார் எவ்வளவு விற்கலாம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கூட்டணிகள் அந்தக் காலத்தில் புதிதல்ல. புதிது எதுவென்றால், வீட்டு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று அவர்கள் வைத்த வரம்பு. குறைந்தபட்சம் ஆயிரம் என்றல்ல; அதற்கு மேலும் போகக் கூடாது!

இதைக் கண்காணிக்க சுவிட்சர்லாந்தில் ஒரு பரிசோதனைக் கூடம் இருந்தது. ஒவ்வொரு ஆலையும் தன் பல்புகளின் மாதிரிகளை அங்கே அனுப்ப வேண்டும். அதிக நேரம் எரிந்தால் அபராதம். நம் கல்லூரியில் மார்க் குறைந்தால்தான் தண்டனை; அங்கே மார்க் கூடினால் தண்டனை. இந்தக் கூட்டணியின் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் தரும் கணக்குப்படி, 1926இல் சராசரியாக 1,800 மணியாக இருந்த ஆயுள் 1933-34இல் 1,205 மணியாக இறங்கியது. ஆயுளைக் கூட்டுவதற்கு உழைத்த அதே பொறியாளர்கள், அதே ஆய்வுக்கூடங்களில், அதைக் குறைப்பதற்கு உழைத்திருக்கிறார்கள். சரியாக ஆயிரத்தில் போகும்படி ஒரு பல்பைச் செய்வதும் லேசான வேலை இல்லை என்பதைப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் ஒப்புக்கொள்வார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கதை ருசியாக இருக்கும். ஆனால் படித்த பௌதிகத்துக்குத் துரோகம் செய்ததாகிவிடும். எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும்.

இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அதே மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் டங்ஸ்டன் சீக்கிரம் ஆவியாகித் தேய்ந்துவிடும். சூட்டைக் குறைத்தால் ஆயுள் நீளும். வெளிச்சம் மங்கி, கரண்ட் பில் வீணாகும். இது கம்பெனிக்காரர் கட்டிய கதையல்ல, இயற்கையின் விதி. மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே குண்டு பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சாயங்காலம் லோ வோல்டேஜில் பல்பு மின்மினி மாதிரி சிவப்பாக முனகிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அது சாகவே சாகாது. ஊர் அடங்கி மோட்டாரெல்லாம் நின்ற பிறகு வோல்டேஜ் ஏறும் பாருங்கள், அப்போதுதான் 'டப்' என்று பீஸ் போகும்.

அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பொருள்னா பொருள்தான், இப்போது எல்லாம் ஏமாற்று என்பவர்கள் தவறாமல் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் காட்டியிருக்கிறேன். ஆனால் அது கரி இழை பல்பு, இன்று வெறும் நாலு வாட் இரவு விளக்குப் போலத்தான் ஒளிர்கிறது, அணைப்பதும் ஏற்றுவதும் ஏறக்குறைய இல்லை. அதன் அடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்க முடியாது.

1951இல் பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் குழு மின்விளக்குத் தொழிலைப் பற்றி அறிக்கை தந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சரியான ஆயுள் என்று எதுவும் கிடையாது, ஆயிரம் மணி நேரம் என்பது நியாயமான சமரசமே என்ற கருத்து அதில் இருக்கிறது. 1949இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி நீதிமன்றமோ, ஜெனரல் எலெக்ட்ரிக் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆயிரம் மணி என்ற எண் பௌதிகத்தின்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் வெளிச்சம் வேண்டுமா, ஆயுள் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை காசு கொடுப்பவனுடையது அல்லவா? மாடிப்படி உச்சியில், ஏணி போட்டு மாற்ற வேண்டிய இடத்துக்கு மங்கலாக இருந்தாலும் நாள்பட உழைக்கும் பல்புதான் எனக்கு வேண்டும். அதை எனக்காக ஜெனீவாவில், என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். வெளிச்சத்துக்காகத்தான் என்றால் அதைப் பெட்டியின் மேலேயே சொல்லியிருக்கலாமே? கூடுதலாக எரிந்ததற்கு அபராதம் எதற்கு?

ஃபீபஸ் 1955 வரை நீடிக்க வேண்டும் என்பது திட்டம். இரண்டாம் உலகப் போர் வந்து அதைக் கலைத்தது. அதற்கு முன்பே இரண்டு பக்கமிருந்து அடி விழுந்திருந்தது. ஒன்று, ஜப்பானின் சிறு பட்டறைகளிலிருந்து வந்த மலிவு பல்புகள். மற்றொன்றுதான் எனக்குப் பிடித்த அத்தியாயம். ஸ்வீடன் நாட்டுக் கூட்டுறவு சங்கக்காரர்கள், 'இவர்கள் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டாது' என்று தாங்களே 'லூமா' என்ற பெயரில் ஆலை போட்டு 1931இல் பல்பு உற்பத்தியில் இறங்கினார்கள். மளிகைச் சாமான் வாங்கும் குடும்பங்கள் சேர்ந்த சங்கம் அது! ஸ்வீடனில் பல்பு விலை இறங்கியது. பக்கத்து நாட்டுக் கூட்டுறவு சங்கங்களும் சேர்ந்துகொண்டன. நம்மூர்க் கூட்டுறவுப் பண்டகசாலை க்யூவில் நின்று பழகிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

போருக்குப் பிறகும் ஆயிரம் மணி என்ற எண் மட்டும் நிலைத்துவிட்டது. நம் நாட்டுத் தர நிர்ணயத்திலும் குண்டு பல்புக்கு அதே ஆயிரம்தான். விடுதியில் பீஸ் போன பல்பைக் காதருகே வைத்து ஆட்டி, அறுந்த இழையைத் தட்டித் தட்டிக் கொக்கி போட வைத்து, இன்னும் இரண்டு நாள் ஓட்டிய நண்பர்கள் இந்த மலரைப் படிக்கிறீர்கள் அல்லவா? அப்படி ஒட்ட வைத்த பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரியும். இழையின் நீளம் குறைந்ததால் மின்தடை குறைந்து சூடு ஏறியது. அந்தச் சூட்டினாலேயே சீக்கிரம் போய்ச் சேரும். பரிசோதனைச் சாலையில் கற்காத பாடத்தை விடுதி அறையில் கற்றோம்.

பிறகு சி.எஃப்.எல். வந்து போனது. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகளை மக்களிடம் கொண்டு சேர்த்தது. 2014இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, மொத்தமாக வாங்க வாங்க இரண்டு மூன்று ஆண்டுகளில் நாற்பது ரூபாய்க்கும் கீழே வந்தது. கரண்ட் பில் குறைந்ததும் நிஜம். எங்கள் வீட்டு அட்டையிலேயே தெரிகிறது. எல்.இ.டி.யை நான் குறை சொல்லவில்லை. பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைத்தான் கேள்வி கேட்கிறேன்.

25,000 மணி என்பது ஏறக்குறைய மூன்று வருஷம் இடைவிடாமல் எரிப்பது. ஒவ்வொரு மாடலையும் மூன்று வருஷம் எரித்துப் பார்த்துவிட்டா விற்கிறார்கள்? இல்லை. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன எல்.இ.டி. சில்லுகளை ஆறாயிரம் மணியோ அதற்குக் கொஞ்சம் மேலோ எரிய வைத்து, வெளிச்சம் எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டை நீட்டிக் கணக்கிடுவதுதான் வழக்கம். வெளிச்சம் எழுபது சதவீதமாகக் குறையும் நேரத்தையே 'ஆயுள்' என்கிறார்கள். ஆனால் என் பல்பு மங்கிச் சாகவில்லை, பட்டென்று செத்தது. திறந்து பார்த்தேன். சில்லுகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அடியில் 230 வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டில் ஒரு சிறிய கெபாசிட்டர், தலை உப்பிப் போயிருந்தது. உள்ளே திரவம் கொண்ட அந்த வகைக் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. மூடிய கிண்ணத்துக்குள் மாட்டிய பல்பில், நம் ஊர்ச் சித்திரை மாதத்தில், அதன் கதி என்னவாகும்? பெட்டி மேல் போட்ட எண் சில்லினுடையது; செத்தது கெபாசிட்டர். கடைக்காரர் சொன்ன ஒரு வருஷக் கேரன்டிதான் முழு பல்புக்கும் பொறுப்பேற்கும் எண்.

இப்போது எங்கள் வீட்டில் மாட்டும் ஒவ்வொரு பல்பின் அடியிலும் அழியாத மையில் தேதி எழுதிவிடுகிறேன். "இதெல்லாம் ஒரு வேலையா உங்களுக்கு?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். மொத்தம் பதினோரு பல்பு. கேரன்டிக்குள் போன இரண்டைப் பில்லோடு நீட்டி மாற்றி வாங்கியாயிற்று. மூடாமல் திறந்தபடி மாட்டியவற்றில் இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை. கூடத்தில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.