"அது ஏர், சார்!"



லீவுக்கு வந்த பேரன் கம்ப்யூட்டரில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாடுகிறான். லாரி ஓட்டும் விளையாட்டு. செக் நாட்டில் தயாரித்தது, 2012-ல் வந்தது. (நம் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி ஆலை திறந்ததும் அதே ஆண்டுதான்!) "தாத்தா, இன்ஜின் ஓடுது, வண்டி நகரல. இந்த முள்ளு எதுக்கு?" என்றான். டீசல் முள்ளும் இல்லை, சூடு காட்டும் முள்ளும் இல்லை. எனக்கும் விளங்கவில்லை.

ஒரகடத்தில் லாரி ஓட்டும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். "அது ஏர், சார்! ஏர் ஏறினாத்தான் பிரேக் விடும்" என்றான்.

பிறகு தேடிப் படித்தேன். 1869-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தார். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். ஆனால் குழாய் அறுந்தால்? பிரேக்கே இருக்காது. அதனால் 1872-ல் அப்படியே தலைகீழாக்கினார்: காற்று குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். என்ன யோசனை பாருங்கள்! இன்றைய லாரியின் கைபிரேக்கும் இதே புத்திதான். பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. அந்தக் காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் முள் காட்டுகிறது.

படித்ததும் ஒன்று உறுத்தியது. 1980களில் ஒருநாள் காலை, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை எடுக்காமல் டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். முதல் மணி அடித்துவிடுமே என்ற பதற்றத்தில், அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டிவிட்டேன். அவர் பதில் பேசாமல் ஸ்டியரிங் பக்கம் விரலைக் காட்டினார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.