கட்டை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை

எங்கள் பக்கத்தில் டார்ச்சுக்கு அந்தக் காலத்தில் பேட்டரி லைட் என்றுதான் பெயர். உள்ளே போடும் செல்லுக்குப் பெயர் கட்டை. இரண்டு கட்டை லைட் வைத்திருந்தால் சாதாரண வீடு. மூன்று கட்டை, ஐந்து கட்டை என்றால் கொஞ்சம் வசதியான வீடு. இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், சினிமா இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வரப்பில் நடந்து வருகிறவர், எல்லோர் கையிலும் அது இருக்கும்.

வெளிச்சம் மங்கினால் உடனே புதுக்கட்டை வாங்கிவிட மாட்டோம். பழையதை எடுத்து வெயிலில் காயவைப்போம். இன்னும் ஒரு இரவுக்கு வரும். அதுவும் முடிந்தால் ஒரே ஒரு புதுக்கட்டை வாங்கி, பழையதோடு சேர்த்துப் போடுவோம். தீர்ந்த கட்டையைக் கல்லால் உடைத்துக் கரிக்குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளையாடுவோம். கை கறுப்பாகும், அம்மா திட்டுவாள். மிஞ்சிப்போனால் கட்டை ஒழுகி ஸ்பிரிங் அரித்துப் போகும். அதற்குமேல் ஒன்றும் நடந்ததில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1866இல் பிரான்சு நாட்டு ஜார்ஜ் லெக்லாஞ்சே செய்த மின்கலம்தான் நம் கட்டைக்குப் பாட்டன். துத்தநாகம், மாங்கனீஸ் டை ஆக்சைடு, நடுவில் கரி, சுற்றிலும் நவச்சார நீர். கண்ணாடிப் புட்டியில் ததும்பிக்கொண்டிருந்த இதை, 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். உலர்மின்கலம் பிறந்தது. 1899இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்குக் குழாய் வடிவ டார்ச்சுக்கான காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலக் கட்டையும் பல்பும் தொடர்ந்து எரியத் தாங்காது. விட்டு விட்டு அடிக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதை ஃபிளாஷ் லைட் என்றார்கள்.

சென்னை திருவொற்றியூரிலேயே எவரெடி தொழிற்சாலை இருந்தது. 1970களில் ஜப்பானிய நிறுவனமான மட்சுஷிட்டாவின் தொழில்நுட்பத்தோடு நிப்போ வந்தது. எந்தக் கட்டையானாலும் 1.5 வோல்ட்தான். உள்ளே இருப்பது நீர் கலந்த பசை. தீப்பிடிக்க அதில் எண்ணெயும் இல்லை, அவ்வளவு சக்தியும் இல்லை. நம் விளையாட்டை எல்லாம் அது பொறுத்துக்கொண்டது.

லித்தியம் வேறு சாதி. தண்ணீர் பட்டாலே வினைபுரியும் உலோகம் அது. ஆகவே உள்ளே நீருக்குப் பதிலாக, எளிதில் தீப்பிடிக்கும் கரிமத் திரவத்தை ஊற்ற வேண்டியிருக்கிறது. 1970களில் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்காம் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் மின்கலத்தைச் செய்தார். ஆனால் சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டது. தொட்டால் ஷார்ட், பிறகு நெருப்பு. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து சுமார் 4 வோல்ட் எடுத்தார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, ஆபத்தான லித்தியம் உலோகத்தையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் கரிப்பொருளை வைத்தார். 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97.

இதெல்லாம் முடிந்து தீ அணைந்துவிட்டதா என்றால், இல்லை. 2006இல் சோனி செய்த மின்கலங்கள் சில மடிக்கணினிகளில் தீப்பிடித்தன. செய்யும்போது உள்ளே புகுந்த நுண்ணிய உலோகத் துகள்தான் காரணம். டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பெயரே இல்லாத கட்டையை என்ன சொல்ல?

டார்ச்சுக்குள் லித்தியம் வந்ததற்கு எல்இடி விளக்கு காரணம். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். பழைய கட்டை என்றால் இரண்டு மூன்று போட வேண்டும். லித்தியம் ஒன்றே 3.7 வோல்ட் தரும். பெரும்பாலும் பயன்படுவது 18650 என்ற அளவு: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம்.

சென்ற மழைக்காலத்தில் நானும் தெருவோரக் கடையில் ஒரு டார்ச் வாங்கினேன். கட்டையின்மேல் 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. பெரிய எண், நல்ல சரக்கு என்று நினைத்தேன். இரவு படுக்கைக்குப் பக்கத்தில், கொசுவலை ஓரமாகச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். பாத்ரூம் போக எழுந்தபோது லைட்டை எடுத்தால் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பிளக்கைப் பிடுங்கி, துணியால் பிடித்து, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தேன். நான் எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள். மறுநாள் ஆறின கட்டையை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். முப்பது கிராம்கூட இல்லை.

அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நல்ல நிறுவனங்களின் 18650 கட்டை பெரும்பாலும் 2000 முதல் 3600 எம்ஏஎச்வரைதான். 6000, 9900 என்று போட்டிருந்தால் அது பொய். நல்ல கட்டை 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். பழைய மடிக்கணினிக் கட்டைக்குப் புது உறை மாட்டி விற்பதும் உண்டு. அதற்கு எடை சரியாகவே இருக்கும். ஆகவே தராசை மட்டும் நம்பக் கூடாது. ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். பாதுகாப்புச் சுற்று உள்ள கட்டையாக வாங்குவது நல்லது. அது சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். லைட்டில் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதாக, 4.2 வோல்ட்டில் தானே நிற்பதாக இருக்க வேண்டும்.

பழைய பழக்கங்களையும் விட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. புதியதையும் பழையதையும் சேர்த்துப் போடக் கூடாது. 14500 என்ற லித்தியம் கட்டை பார்க்கப் பென்சில் செல் போலவே இருக்கும். அதைச் சுவர்க் கடிகாரத்திலோ ரேடியோவிலோ போட்டால் அது கெட்டுப்போகும். சட்டைப் பையில் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். உறை கிழிந்தாலும், கட்டை உப்பினாலும் அதோடு சரி. பேரப்பிள்ளைகள் உடைத்துப் பார்க்காமல் நாம்தான் கவனிக்க வேண்டும். தீர்ந்துபோனதைக் குப்பையில் வீசாமல், இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

விழித்திருக்கும்போது, ஹாலில், கல் தரையில் வைத்துச் சார்ஜ் போடுகிறேன் இப்போது. விலை கூடுதல்தான். உங்கள் தலைமாட்டில் இருக்கும் லைட்டையும் இன்றைக்கு ஒருமுறை திறந்து, கட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.